விசைப்பலகையில் ஓர் இலக்கணம்



கணிப்பொறி குறித்துப் பேச ஓர் இலக்கண ஆசிரியையை அழைத்தது நம் செயலாளரின் துணிவு. பொறியின் உள்ளுறுப்புகளை நான் அறியேன். எனினும், தொழில்நுட்பம் பயிலாதார்க்கு அப்பொறியை எளிதாக்குவது எங்ஙனம் என்னும் வினாவில் இலக்கணத்திற்கும் பங்குண்டு.

பழைய தட்டச்சுமுறை எழுத்தின் வரிவடிவைத் துண்டு துண்டாக அடிப்பது. 'கொ' வேண்டுமெனில் முதலில் கொம்பு, பின்பு ககரம், அதன்பின் கால். நாவில் ஓரொலியாகப் பிறப்பதை விரல் மூன்றாகப் பிளக்க வேண்டும். பயின்றவர்க்கு அது விரைவு, பயிலாதவர்க்குச் சுவர். ஆங்கில எழுத்துகளின் வழியே தமிழை அடிப்பது மற்றொரு முறை. லகர ளகர ழகரங்களை அயல்மொழி எழுத்தில் நினைத்துப் பார்த்துக் கவிதை எழுதுவதை நான் எளிமை என்று ஒப்பமாட்டேன்.

1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டையொட்டித் தமிழ்நாட்டரசு ஏற்ற தமிழ்99 விசைப்பலகை வேறு வழியில் சென்றது. உயிர்கள் இடப்பக்கம்; மெய்கள் பெரும்பாலும் வலப்பக்கம். ககரத்தைத் தட்டி ஆகாரத்தைத் தட்டினால் 'கா'. விசையில் இருப்பது தனிமெய்யன்று, அகரமேறிய மெய்யே எனப் புலவர் சிலர் குறை கூறலாம். ஒவ்வொரு முறையும் அகரத்தைத் தனியே தட்ட வைத்தால் அவர்கள் விரல்தான் நோகும்.

இதன் அழகு புள்ளியில் இருக்கிறது. ஙகரத்தையடுத்துக் ககரம் வந்தால் ஙகரம் தானே புள்ளி பெறும். ஞ்ச, ண்ட, ந்த, ம்ப, ன்ற ஆகியவையும் அவ்வாறே. மெல்லினத்தை அதன் இனவல்லினத்தோடு சேர்த்து வகுப்பறையில் ஆண்டுதோறும் ஒப்பிக்க வைக்கிறோமே, அந்த விதியே இங்கு விரலுக்கு ஓய்வு தருகிறது. ஒரே மெய் இரட்டித்தாலும் முன்னது புள்ளி பெறும்: அ, ப, ப, ஆ எனத் தட்டினால் 'அப்பா'. 'மமதை' எழுத விழைவோர் மட்டும் இரு மகரங்களுக்கு நடுவே அகரத்தைத் தட்ட வேண்டும். மமதைக்கு அவ்வளவு தடையாவது இருக்கட்டும்.

பயன்படுத்துவோர் முன்பே அறிந்ததைப் பொறி கற்றுக்கொண்டது என்பதே இதன் சிறப்பு.

ஆனால் எழுதியது நிலைக்க வேண்டுமே! எழுத்துருவுக்கு ஒரு குறியீடு என்றிருந்த காலத்தில் அச்சிடத் தந்த கவிதைகள், அவ்வெழுத்துரு இல்லாத பொறியில் பொருளற்ற குறிகளாகத் தோன்றின. 1991இலேயே ஒருங்குறியின் முதற்பதிப்பில் தமிழ் இடம்பெற்றும், அது பரவலாகப் புழங்கப் பல்லாண்டுகள் ஆயின. இன்று ஒருங்குறியில் எழுதியதைக் கைப்பேசியிலும் படிக்கலாம்.

எஞ்சியிருப்பது வாயிற்படிச் சிக்கல். கைப்பேசியில் தமிழ்99 கிடைத்தும், அதனை அடைய அமைப்புகள், மொழி, விசைப்பலகை எனக் கதவு கதவாகத் திறக்க வேண்டியுள்ளது. நம் மூத்த கவிஞர் பலர் அங்கேயே திரும்பிவிடுகின்றனர். அவர்தம் கவிதைகள் ஒரே படியாக, பழுப்பேறிய குறிப்பேடுகளில் கிடக்கின்றன. அடுத்த கூட்டத்திற்குக் குறிப்பேட்டையும் கைப்பேசியையும் கொண்டு வாருங்கள் ஐயா. கதவுகளை என் மாணவியர் திறந்து தருவார்கள். முதல் கவிதையை நீங்களே தட்டுங்கள்.