கஜுராஹோக் கட்டமும் வளையச் சுடோகுவும்

(கரியாலூரில் நம் குடும்பத்துப் பிள்ளைகளிடையே ஆற்றிய உரை)



இம்மலையிலிருந்து இறங்கினால், நம் மாவட்டத்துத் திருநறுங்கொண்டையில் பார்சுவநாதரை அப்பாண்டைநாதராகத் தொழுகிறோம். அப்பெருமான் பெயரால் வழங்கும் பத்தாம் நூற்றாண்டுக் கோயிலொன்று மத்தியப் பிரதேசத்துக் கஜுராஹோவில் உள்ளது. அதன் வாயிலில் பொறிக்கப்பட்ட எண்கள் இவை:

7 12 1 14
2 13 8 11
16 3 10 5
9 6 15 4

நிரை, நிரல், மூலைவிட்டம் எவ்வழிக் கூட்டினும் 34. பிற மாயச் சதுரங்களுக்கும் இவ்வளவு உண்டு; வியப்பு வேறிடத்தில் இருக்கிறது. 12, 8, 5 எனச் சரிவாக இறங்குங்கள். வலப்புற விளிம்பு வந்துவிடும். அதைத் தாண்டி அடுத்த நிரையின் இடப்புறம் நுழைந்தால் 9. கூட்டினால் அதுவும் 34! மேல் நிரையை எடுத்து அடியில் வைத்தாலும் கட்டம் குலையாது. மேல் விளிம்பைக் கீழ் விளிம்போடும், இடத்தை வலத்தோடும் ஒட்டினால் சைக்கிள் டியூப் போன்ற வளையம் கிடைக்கும். இக்கட்டத்தின் மெய்யான இருப்பிடம் அவ்வளையமே.

சுடோகுவையே சமணர் கண்டனர் என்று நான் கூறவில்லை. சத்தியமும் நம் அணுவிரதங்களுள் ஒன்றன்றோ! 1979இல் வெளியான அப்புதிரை அமைத்தவர் அமெரிக்கரான ஹோவர்ட் கார்ன்ஸ் என்பர். 1984இல் ஜப்பானின் நிக்கோலி அதைப் பரப்பிற்று. கஜுராஹோவின் விதி கூட்டுத்தொகை; சுடோகுவின் விதி, ஓரெண் ஒரு வரிசையில் இருமுறை வாராமை.

ஆயினும் சுடோகுவையும் வளையத்தில் ஏற்றலாம். விளிம்பு தாண்டும் சரிவுகள் உட்பட எவ்வழியிலும் எண் திரும்ப வரலாகாது என்போம். இங்கே புதிர் அமைப்பவருக்கு ஒரு தடை எழுகிறது: பக்கத்தின் அளவு 2ஆலோ 3ஆலோ வகுபடின் அத்தகைய கட்டம் அமையவே அமையாது. நாளிதழில் வரும் ஒன்பதுக்கும் வழியில்லை. கஜுராஹோவின் நான்குக்கும் இல்லை. ஐந்து இயலும், ஏழும் இயலும்.

ஐந்தையே எடுத்துக்கொள்வோம். முதல் நிரை 1 2 3 4 5. ஒன்றின் கீழ் என்ன வரும்? 1 வாராது, நிரல் தடுக்கும். 2 வாராது, சரிவு தடுக்கும். 5 எட்டத்தில் இருப்பதாகத் தோன்றும். வளையத்தில் அது 1இன் அண்டைவீடு, அதனால் அதுவும் வாராது. எஞ்சுவன 3, 4. நான் 3 தருகிறேன். மற்ற பத்தொன்பது கட்டங்களுக்கும் இனி ஒரே விடைதான். ஊகிக்க வேண்டுவதில்லை, தாளும் பென்சிலும் போதும். முடித்தவர்கள் மேல் நிரையை அடியில் மாற்றி வைத்து, விதி நிற்கிறதா என்று சோதியுங்கள்.