ஓதத்தின் ஊற்று எது?



வானம் பார்த்த பூமி எனப் பெயர் பெற்றது எங்கள் எட்டயபுரத்துக் கரிசல். அந்த வறண்ட சீமையிலிருந்து வந்த ஒருவன் ஓதத்தைப் பற்றிப் பேசுவதா என்று உங்களிற் சிலர் நகைக்கலாம். கரிசலின் இயல்பை அறிந்தவர் நகைக்கமாட்டார். கோடையில் வெடித்துக் கிடக்கும் அம்மண், ஐப்பசி மழையில் நீரை உண்டு உப்பும். உண்ட நீரை எளிதில் விடாது. அதன்மேல் எழுப்பிய சுவர் விரிசல் காண்பதும், அடிப்புறம் ஓதம் ஏறி உப்புப் பூப்பதும் அங்கே பலரும் கண்டவை.

பணியிலிருந்து ஓய்வு பெற்றபின், என் வீட்டுத் தாழ்வாரத்தைக் கண்ணாடியால் அடைத்துத் தொட்டிச் செடிகள் வளர்த்தேன். வடபுறச் சுவரை ஒட்டி ஓர் அலமாரி. அதில் ஆசிரியப் பணிக் காலமெல்லாம் சேர்த்த புத்தகங்கள். முதலாண்டு மழைக்காலத்திலேயே சுவர் நனைந்தது. புத்தகங்களின் முதுகில் பூஞ்சணம் படர்ந்தது. கரிசல் மண்ணே குற்றவாளி என்று விசாரணையின்றித் தீர்ப்புக் கூறினேன். சுவரின் அடியில் சிமென்ட்டுப் பூசினேன். சாரல் புகாதபடி கண்ணாடிச் சட்டங்களின் இடுக்குகளை அடைத்தேன். மறு ஆண்டு ஈரம் குறையவில்லை; மிகுந்தது. பல நூல்கள் மட்கிப்போயின.

கொத்தனார் ஒருவரை அழைத்தேன். அவர் என்னிடம் படித்தவர். சுவரைத் தடவிப் பார்த்துவிட்டு, “ஐயா, அடிச்சுவர் காய்ந்திருக்கிறது, மேற்புறமும் கண்ணாடியும் அல்லவா வியர்த்திருக்கின்றன? எட்டாம் வகுப்பில் ஐஸ் போட்ட செம்பை மேசைமேல் வைத்து, அதன் வெளிப்புறத்தில் துளி படிவதைக் காட்டினீர்களே, இதுவும் அதுதானோ?” என்றார். ஆண்டுதோறும் நான் நடத்திய பாடத்தை என் வீட்டுச் சுவரில் படிக்கத் தவறினேன். நாணத்தால் தலைகுனிந்தேன்.

அப்பாடம் இதுதான். 30 பாகை செல்சியஸ் வெப்பமுள்ள ஒரு கன மீட்டர் காற்று ஏறத்தாழ 30 கிராம் நீராவியைத் தாங்கும். 20 பாகைக்குக் குளிர்ந்தால் ஏறத்தாழ 17 கிராமே தாங்கும். எஞ்சியது எங்கே போகும்? குளிர்ந்த கண்ணாடியிலும், வெயில் படாத சுவரிலும் துளியாய்ப் படியும். செடிக்கு வார்க்கும் நீரின் பெரும்பகுதி இலைவழியே ஆவியாகி அறைக் காற்றிலேயே கலக்கிறது. அது வெளியேறும் வழிகளை நானே அடைத்துவிட்டேன்!

1851-ஆம் ஆண்டு லண்டனில் ஜோசப் பாக்ஸ்டன் கண்ணாடியால் ஒரு பெரும் பொருட்காட்சி மாளிகை அமைத்தார். கூரையில் விழும் மழைநீருக்கு ஒரு கால்வாய் வைத்ததோடு அவர் நில்லவில்லை. கண்ணாடியின் உட்புறம் படிந்து வழியும் நீருக்கும் சிறு கால்வாய்கள் வகுத்தார். காற்று உலவப் பலகணிகளும் வைத்தார். வெளிநீர் வேறு, உள்நீர் வேறு என்பதை அவர் நன்கு அறிந்திருந்தார்.

இவ்விரண்டையும் பிரித்தறிய நீங்களே ஒரு சோதனை செய்யலாம். ஒரு சாண் சதுர அலுமினியத் தாளைச் சுவரில் வைத்து, நான்கு ஓரங்களையும் இடைவெளியின்றி ஒட்டுங்கள். இரண்டு நாள் கழித்துப் பாருங்கள். தாளின் வெளிமுகம் நனைந்திருந்தால், ஈரம் காற்றிலிருந்து வந்தது. சுவரை நோக்கிய உள்முகம் நனைந்திருந்தால், சுவருக்குள்ளிருந்து வந்தது. முன்னதற்குக் காற்றோட்டம் வேண்டும். பின்னதற்குக் கூரையையும் நீர்க்குழாயையும் அடித்தளத்தையும் ஆராய வேண்டும். ஒன்றின் மருந்து மற்றதற்கு ஆகாது.

என் வீட்டில் வெளிமுகமே நனைந்திருந்தது. கீழே ஒரு திறப்பும், எதிர்ப்புறம் மேலே ஒரு திறப்பும் அமைத்தேன். மழை பெய்யும்போது வெளிக்காற்றும் ஈரமாதலால், வெயில் தலைகாட்டும் நண்பகலில் அவற்றைத் திறக்கிறேன். செடிகளுக்கு மாலையில் நீர் வார்ப்பதை விட்டுக் காலையில் அளவோடு வார்க்கிறேன். புத்தகங்களை உள்ளறைக்கு மாற்றி, அலமாரியைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்தேன். சென்ற மழைக்காலத்தில் சுவர் நனையவில்லை. இழந்த நூல்கள் மட்டும் திரும்பவில்லை.

மாணவர்களே, தேர்வுத்தாளில் எழுதியதோடு பாடம் முடிந்துவிடுவதில்லை. குறை கண்டவிடத்துக் காரணத்தை முதலில் நாடுங்கள். கரண்டியைப் பிறகு எடுங்கள்.