கைகோப்பைத் தடுக்கும் மருந்து

(தமிழ்மன்றக் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



மருத்துவ அறிவியலைத் தமிழிற் சொல்ல இயலுமா என்று இன்றும் வினவுவார் உளர். அவர்க்கு விடை, சொல்லிக் காட்டுவதேயாம். ஆய்வுலகில் அரிதெனக் கருதப்பெறும் ஒரு துறையையே எடுத்துக்கொள்வோம்.

நச்சுயிரி தனித்துப் பெருகும் ஆற்றலற்றது. நம் உயிரணுவுள் புகுந்தே பெருகும். அதற்கு அதன் புரதங்கள் தம்முள்ளும் நம் புரதங்களோடும் கைகோத்தல் வேண்டும். அக்கைகோப்பைத் தடுப்பின் நச்சுயிரி செயலறும். ஆனால், இஃது எளிதன்று. நொதிகளில் மருந்து சென்றமரக் குழிவு உண்டு. இரு புரதங்கள் பொருந்தும் பரப்போ பெரும்பாலும் அகன்றது, தட்டையானது. அங்கே சிறு மருந்துத் துகள் பற்றுதல், வழுக்குப் பாறையிற் பிடி தேடுதல் போன்றது. ஆயினும், அப்பரப்பிற் சிற்சில இடங்களே பிணைப்பின் பெரும்பங்கைத் தாங்குகின்றன என்று ஆய்வாளர் கண்டனர். அவ்விடங்களே மருந்திற்கு இலக்காயின.

ஏமக்குறை நோயை (எய்ட்சு) எண்ணிப் பாருங்கள். அந்நச்சுயிரியின் மேலுறைப் புரதம் மும்மூன்று சுருள்கள் சேர்ந்த அறுசுருட் கற்றையாக மடிந்து, தன் உறையையும் உயிரணுவின் உறையையும் இழுத்து ஒட்டுகிறது. அச்சுருளொன்றைப் போலவே 36 அமினோக் காடிகளால் ஆக்கப்பெற்ற மருந்து என்புவிர்டைடு. அப்போலிச் சுருள் முந்திச் சென்று அமர்ந்துவிடக் கற்றை உருவாவதில்லை. 2003இல் அமெரிக்கா இதற்கு ஒப்புதல் அளித்தது. ஆனால் நாளுக்கு இருமுறை ஊசியிட வேண்டியிருந்தது. நச்சுயிரியும் தன்னுருத் திரிந்து தப்பலாயிற்று.

2022இல் ஒப்புதல் பெற்றது இலெனகாபவிர். நச்சுயிரியின் மரபுப்பொருளைப் பொதிந்துள்ள உட்கூடு, ஏறத்தாழ 1,500 புரதங்களால் ஆயது. அண்டையிலுள்ள இரு புரதங்களின் இடைக்குழிவில் இம்மருந்து அமர்கிறது. நம் உயிரணுப் புரதங்கள் பற்றும் இடமும் அதுவே. அது அடைபடவே கூடு உட்கருவை நோக்கிச் செல்லும் வழி தடைப்படுகிறது. ஆண்டுக்கு இருமுறை ஊசி போதும். 2024இல் வெளிவந்த ஆய்வில், தென்னாப்பிரிக்காவிலும் உகாண்டாவிலும் இதனைப் பெற்ற 2,134 மகளிருள் ஒருவர்க்கும் தொற்று ஏற்படவில்லை.

இதனால் நமக்கென்ன என்பீர்கள். இந்தியாவில் இத்தொற்று முதன்முதற் கண்டறியப்பட்டது 1986இல் நம் சென்னையில்தான். கண்டறிந்தவர் மருத்துவர் சுனிதி சாலமன் குழுவினர். தொட்டாலே ஒட்டும் என்ற பொய்யச்சத்தால் எத்தனை பேர் வீட்டினின்று விலக்கப்பட்டனர்! நச்சுயிரி எவ்வழிப் புகும், எவ்வழிப் புகாது என்பதைத் தாய்மொழியில் தெளிவாய் அறிந்தவன், உடன்பிறந்தானை ஒதுக்கான். அறியாத சொல் அச்சத்தை வளர்க்கும். அறிந்த சொல் அதனைப் போக்கும்.

ஆகவே, மருத்துவம் பயின்ற தமிழரே! புதுமருந்து வந்த அன்றே அதன் செயலைத் தமிழில் எழுதுங்கள். சொல்லாக்கத்திற்குத் தமிழாசிரியராகிய நாங்கள் துணை நிற்போம். மருந்து உடலைக் காக்கட்டும். மொழி அறிவைக் காக்கட்டும்.

வெல்க தமிழ்!