மலை பார்க்கப் போகும் பிள்ளைகளுக்கு

(ரெக்ஸ்டேலில் நடந்த சித்திரைப் புத்தாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



சாப்பாடு ஆறுகிறது என்று செயலாளர் கண்ணைக் காட்டுகிறார். ஒரு விஷயம் மட்டும் சொல்லிவிட்டு இருக்கிறேன்.

இப்ப கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போற எங்கட பெடியள் நல்லூரில் இரண்டு நாள் நின்றுவிட்டு எல்ல, ஹப்புத்தளை என்று மலையேறப் போய்விடுகிறார்கள். கண்டியிலிருந்து நுவரெலியா வரை 300 கிலோமீற்றருக்கு மேல் நீளும் 'பீக்கோ ட்ரெயில்' என்ற நடைபாதை, 22 பகுதிகளாக இருக்கிறது. பெரும்பகுதி பழைய தோட்டப் பாதைகள்தான். 1867இல் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை போட்ட லூல்கந்துரவும் அந்த வழியில் வருகிறது. டெய்லரின் பெயர் எல்லோருக்கும் தெரியும். காடு வெட்டின தமிழரின் பெயர் ஆருக்குத் தெரியும்?

2024இல் மகனோடு ஹப்புத்தளைக்குப் போனேன். தம்பதென்னையில் கொழுந்து எடுத்துக்கொண்டு நின்ற பெண்களை அவன் படமெடுக்கத் தொடங்கினான். ஒரு அம்மா நிமிர்ந்து பார்த்து, "கேட்டுட்டு எடுங்க தம்பி. சிரிக்கிறதா வேணாமான்னு நாங்களும் யோசிக்கணும்ல" என்றா. மகன் வெட்கப்பட்டு மன்னிப்புக் கேட்டான், கனடாத் தமிழில். அவவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு அவவே கூப்பிட்டு எடுக்கச் சொன்னா.

இந்த மக்களுக்கு நாட்சம்பளம் 1000 ரூபாய் ஆனது 2021இல்தான். அப்போதைய கணக்கில் ஏறத்தாழ ஆறு கனேடிய டொலர். பிறகு கூட்டினார்கள், ஆனால் 2022இல் ரூபாய் விழுந்த விழுகையில் சாமான் விலை அதைவிட வேகமாக ஏறிவிட்டது. ஆகவே பிள்ளைகள், வழிகாட்டியைத் தோட்டத்துப் பெடியளிலேயே தேடுங்கோ. தமிழும் சிங்களமும் கதைப்பார்கள், அட்டை எங்கே கடிக்கும் என்றும் சொல்வார்கள். லயத்துக் கடையில் ரொட்டி சாப்பிடுங்கோ. வீட்டில் அறை தந்தால் பேரம் பேசாமல் காசை அவர்கள் கையிலேயே குடுங்கோ. தெருவில் பிள்ளைகளுக்கு ரொபி எறியாதேங்கோ. குடுக்க ஆசையென்றால் பள்ளிக்கூடத்தில் போய்க் கேளுங்கோ. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலில் மலைச்சரிவுகள் நடந்த இடங்கள் அவை. எந்தப் பாதை நடக்கலாம் என்று அங்கத்தையச் சனத்திடம் விசாரிக்காமல் போக வேண்டாம்.

பெரியவர்களுக்கும் ஒன்று. 'தோட்டக்காட்டார்' என்ற சொல் எங்கட வீடுகளில் புழங்கினது. 1948இல் குடியுரிமை பறிபோனவர்கள், 1977இலும் 1983இலும் அடிபட்டு வன்னிக்கு ஓடிவந்தவர்கள் அவர்கள். அகதி என்றால் என்ன என்று எங்களுக்கு முன்னமே அறிந்த சனம்.

யாழ்ப்பாணத்தில் எங்கட வீட்டில் வேலைக்கு ஒரு பிள்ளை நின்றது. பதினொரு வயதிருக்கும். மலைநாடு என்று மட்டும் தெரியும். எந்தத் தோட்டம் என்று ஒருநாளும் நான் கேட்டதில்லை. ஹப்புத்தளையில் அந்த அம்மாவிடம், "உங்கட பக்கத்தில ஆரும் சின்னனில யாழ்ப்பாணத்துக்கு வேலைக்குப் போனவையோ?" என்று கேட்டேன்.

"போகாத வீடு எதுங்க?" என்றா.