மதகு அடைபட்ட மரபணு

மரபணு கெட்டுப்போவதால் புற்றுநோய் வருகிறது என்று கேட்டிருப்பீர்கள். கெடாமலே முடங்கிப்போகும் மரபணுக்களும் உண்டு. நான் அதிகம் பேச விரும்புவது அவற்றைப் பற்றித்தான்.

ஜி.எஸ்.டி.பி.1 என்று ஒரு மரபணு. செல்லுக்குள் ஆக்சிஜனேற்றத்தால் விளையும் நச்சுகளை முறிக்கும் நொதியைச் சுரக்கவைப்பது. 1994இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வாளர்கள் புராஸ்டேட் புற்றுநோயில் அதைத் தேடினார்கள். மரபணு சேதமில்லாமல் இருந்தது, நொதியைத்தான் காணோம். மரபணுவின் முகப்பில் மெத்தில் என்ற சிறு வேதித்துணுக்குகள் அப்பியிருந்தன. டெல்டாக்காரர்களுக்கு இதை நீட்டிச் சொல்ல வேண்டியதில்லை. வாய்க்கால் சரியாக இருக்கிறது, மதகை அடைத்துவிட்டார்கள், வயல் காய்கிறது. காவலிழந்த செல்லில் சேதம் சேர்ந்துகொண்டே போகும்.

அடைத்த மதகைத் திறக்கவும் முடியும், நேயர்களே! அசாசைடிடின் என்ற மருந்து அந்த மெத்தில் பூட்டைக் கழற்றுகிறது. எலும்பு மஜ்ஜை நோய்கள் சிலவற்றுக்கு 2004இல் அமெரிக்கா அதை அனுமதித்தது. கட்டிகளில் அது இன்னும் அந்த அளவுக்குக் கைகொடுக்கவில்லை.

ஆனால் நச்சை முறிக்கும் காவல் எப்போதும் நமக்குச் சாதகமில்லை. நாகப்பட்டினம் அக்கரைப்பேட்டைப் பெரியவர் ஒருவருக்குத் தொண்டையில் புற்று, கரண்ட், அதாவது கதிர்வீச்சுச் சிகிச்சை, வைத்துக்கொண்டிருந்தார்கள். "அப்பாவுக்குத் தெம்பு வரட்டும்னு வாங்கினோம் டாக்டரம்மா" என்று மகள் மஞ்சப்பையைக் கவிழ்த்தார். வைட்டமின் ஈ, பீட்டா கரோட்டின், பெயரே தெரியாத பொடிகள். நிறுத்தச் சொன்னேன். மகளுக்கு முகம் வாடிவிட்டது. பக்கத்தில் உட்காரவைத்துக் காரணம் சொன்னேன். கதிர்வீச்சு புற்றுச்செல்லைக் கொல்வதே பெரும்பாலும் அந்த ஆக்சிஜன் நச்சுகளைக் கொண்டுதான். நாம் மாத்திரை கொடுத்து அவற்றை முறித்தால் கட்டிக்கும் காவல் கிடைத்துவிடலாம். கனடாவில் தலை, கழுத்துப் புற்றுநோயாளிகள் 540 பேரிடம் இதைச் சோதித்து 2005இல் வெளியிட்டார்கள். மாத்திரை சாப்பிட்டவர்களுக்குப் பக்கவிளைவு குறைந்தது. ஆனால் கட்டி திரும்புவது கூடும் போக்கும் தெரிந்தது.

சில கட்டிகளுக்கு இந்த மாத்திரைகூட வேண்டாம். அவற்றில் கீப்1 என்ற கடிவாள மரபணுவே முடங்கிவிடும். காவல் நொதிகள் பெருகி, கதிரும் மருந்தும் எடுபடாமல் போகும். எந்தக் கட்டியில் எது அடைபட்டிருக்கிறது என்று பார்த்துச் சிகிச்சை தரும் காலம் நம் ஊருக்கும் வர வேண்டும்.

நேரம் நெருங்கிவிட்டது. காய், கீரை, மீன் தாராளமாகச் சாப்பிடுங்கள். தஞ்சாவூரிலோ அடையாறிலோ, எங்கே கரண்ட் வைத்தாலும், வீட்டிலுள்ள சத்து மாத்திரைகளைப் பையோடு கொண்டுபோய் டாக்டரிடம் காட்டிவிட்டுச் சாப்பிடுங்கள்.