வளைவில் நிற்கும் நீரே வீட்டின் காவல்



குளிக்கும் அறையில் நீர் இறங்கும் துவாரத்துக்கு அடியில் குழாய் ஏன் வளைந்திருக்கிறது? நேராகப் போட்டால் செலவு குறையுமே என்று கேட்பவர்கள் உண்டு. அந்த வளைவில்தான் நம் குடும்பங்களின் சுகாதாரம் அடங்கியிருக்கிறது.

வளைவில் எப்போதும் கொஞ்சம் நீர் நிற்கும். நாம் ஊற்றும் நீர் அதைத் தள்ளிக்கொண்டு வெளியே போகும். ஆனால் சாக்கடைக் காற்று அந்த நீரைத் தாண்டி உள்ளே வராது. நீரே கதவு, நீரே தாழ்ப்பாள்! பிளம்பர் தோழர்கள் இதை டிராப் என்கிறார்கள். தரையில் பதிப்பது நானி டிராப். அதில் 2 அங்குலமாவது நீர் நிற்க வேண்டும். 1775ல் லண்டனில் அலெக்சாண்டர் கம்மிங் என்ற கடிகாரம் செய்பவர், கழிப்பறைக்கு இத்தகைய வளைவை அமைத்துக் காப்புரிமை பெற்றார்.

சாக்கடைக் காற்று வெறும் நாற்றமல்ல. அழுகிய முட்டை போல் நாறும் ஹைட்ரஜன் சல்பைடும், தீப்பற்றும் மீத்தேனும் அதில் உண்டு. சாக்கடைக் குழிக்குள் இறக்கப்படும் தொழிலாளர்களைச் சாகடிப்பது இந்த நச்சுக் காற்றே. பாதுகாப்பின்றி இறக்குவதை 2013ம் ஆண்டுச் சட்டம் தடை செய்தும் சாவுகள் நிற்கவில்லை.

டிராப் வறண்டால் என்ன ஆகும்? 2003ல் ஹாங்காங்கின் அமோய் கார்டன்ஸ் அடுக்குமாடிக் குடியிருப்பில் 300 பேருக்கு மேல் சார்ஸ் நோய் பற்றியது. 42 பேர் மாண்டனர். குளியலறைத் தரையை அங்குள்ளோர் துணியால் துடைத்தே வந்ததால், பல வீடுகளில் டிராப்பில் நீர் வற்றிக் கிடந்தது. நோயாளி ஒருவரின் கழிவிலிருந்த கிருமி அந்த வழியே வீடுகளுக்குள் ஏறியது. காற்றை வெளியே இழுக்கும் மின்விசிறி அதற்குத் துணை போனது என்று விசாரணையில் தெரிந்தது.

ஆகவே நாம் செய்ய வேண்டியது என்ன? புழங்காத அறையின் துவாரத்தில் வாரம் ஒருமுறை ஒரு வாளி நீர் ஊற்றுவோம். அடைத்துக்கொண்டால் டிராப்பைக் கழற்றிச் சுத்தம் செய்து திரும்ப மாட்டுவோம்; உடைத்து எறியக் கூடாது.

ஆனால் எல்லாம் நம் கையில் இல்லை. மேல்மாடியிலிருந்து வேகமாக இறங்கும் நீர், கீழ்வீட்டு டிராப்பின் நீரையும் உறிஞ்சிக்கொண்டு போய்விடும். அதைத் தடுக்கக் கூரைக்கு மேல் வரை காற்றுக்குழாய் வேண்டும். செலவை மிச்சம் பிடிக்கும் காண்டிராக்டர் விட்டுவிடுவது இதைத்தான்!

புதுக் குடியிருப்பில் சாவி வாங்கும்போது சுவரின் வர்ணத்தை மட்டும் பார்க்காதீர்கள். டிராப் எங்கே, காற்றுக்குழாய் எங்கே என்று கேளுங்கள். தனியாக அல்ல, ஒன்றுகூடிக் கேளுங்கள்!