குடையும் கொடையும்



கொல்லிமலை தமிழர்க்குப் புதிய பெயரன்று. வல்வில் ஓரி ஆண்ட மலை அது. அவன் கொடையைப் பாடிய வன்பரணர் பாடல்கள் புறநானூற்றில் உள்ளன. இன்று நாமக்கல் மாவட்டத்தில், 70 கொண்டையூசி வளைவுகளைக் கடந்து ஏறும் அம்மலையில் பெரும்பாலராய் வாழ்வோர் மலையாளிகள் எனப்பெறுவர். அப்பெயர்க்கு மலைவாழ்நர் என்பதே பொருள். கேரள மக்களை அது குறிப்பதன்று. அவர்தம் தாய்மொழி தமிழே. தம் முன்னோர் காஞ்சியினின்று வந்தோர் என்பது அவர்களின் வழிவழிச் செய்தி.

மலைமகன் ஒருவன் கீழிறங்கி வந்து வாய்திறந்தால், அவன் பலுக்கலைக் கேட்டு நகைப்போர் உளர். நகைப்போர் பேச்சு மட்டும் ஏட்டுத் தமிழோ? 'இலை' என்றெழுதி 'எலை' என்கின்றனர். 'குடம்' என்றெழுதிக் 'கொடம்' என்கின்றனர். கற்றார் வீட்டிலும் இதுவே வழக்கு.

இது நாவின் சோம்பலன்று, நெறிப்பட்ட மாற்றம். சொன்முதலில் இகர உகரங்கள் நின்று, ஒற்றை மெய்க்குப்பின் அகரமோ ஐகாரமோ வருமாயின், பின்னுயிர் முன்னுயிரைத் தன்பால் இழுக்கும். இகரம் எகரமாகும், உகரம் ஒகரமாகும். இடைமெய் இரட்டித்தால் இம்மாற்றம் இல்லை. ஆதலின் 'குடை' பேச்சிற் 'கொடை' ஆகிறது. 'குப்பை' குப்பையாகவே நிற்கிறது.

இனி, இடத்தால் வேறுபடும் ஒலியும் உண்டு. நுனிநா மேலெழுந்து வளைந்து அண்ணத்தை வருடப் பிறப்பது ழகரம் என்பது தொல்காப்பியப் பிறப்பியல் காட்டும் முறை. அவ்வொலி தென்மாவட்டங்களிற் பலர் வாயில் ளகரமாகிறது. சென்னையிற் சிலர் வாயில் யகரமாகிறது. 'பழம்' ஓரிடத்துப் 'பளம்', ஓரிடத்துப் 'பயம்'. மக்கள் பிரிந்து வாழின் ஒலியும் பிரியும். கலந்து வாழின் ஒலியும் கலக்கும். மலையும் ஆறும், தொழிலும் கல்வியும் இதற்குக் கரணியங்கள். இழிவுக்கு இங்கு இடமில்லை.

ஆயின், எப்படியும் பேசலாம், எப்படியும் எழுதலாம் என்று விட்டுவிடலாமா? கூடாது! மழைக்குப் பிடிக்கும் குடையும் ஓரி வழங்கிய கொடையும் பேச்சில் ஒன்றாயின. அவ்விரண்டையும் வேறுபிரித்துக் காத்து நிற்பது எழுத்துத் தமிழ். அது சிதைந்தால் நெல்லையானும் சென்னையானும் கொல்லிமலையானும் ஒருவர்க்கொருவர் அயலாராவர்.

ஆதலின் ஆசிரியர் கடமை இரண்டு. மலைச் சிறுவனின் வீட்டுப் பேச்சைப் பிழையென்று இகழாதிருத்தல் ஒன்று. இகழப்பட்ட சிறுவன் வாய்மூடுவான், பின் தமிழையே நாணி அயன்மொழிப் பின்னே ஓடுவான். நாவின் நிலையைக் காட்டி ழகர ளகரங்களைப் பொறுமையோடு பயிற்றுதல் மற்றொன்று.

வீட்டொலியை மதிப்போம்! ஏட்டொலியைக் காப்போம்! இரண்டும் தமிழே!